டேஷ்போர்டு நோட்டு

சித்தப்பா கல்யாணமான புதிதில் வாங்கியது பழைய பிரீமியர் பத்மினி. ஸ்டியரிங் தண்டிலேயே கியர், முன்சீட் ஒரே பெஞ்ச். நடுவில் தடுப்பு கிடையாது. புதுமணத் தம்பதிக்கு அதைவிட நல்ல வண்டி எது? பிள்ளை பிறந்ததும் நடு இடம் அவனுக்குப் போனது.

அடுத்தது மாருதி 800. 1983 டிசம்பரில் வந்து, 2014இல் உற்பத்தி நின்ற அந்தச் சின்னக் கார்தான் எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களின் முதல் கார். கிளட்ச் லேசு, வளைத்துத் திருப்புவதும் சுலபம். சித்தி ஓட்டப் பழகியது அதில்தான்.

டேஷ்போர்டில் ஒரு நோட்டு இருக்கும்: தேதி, கிலோமீட்டர், பெட்ரோல் எத்தனை லிட்டர். முதல் பக்கங்களில் சித்தப்பாவின் கையெழுத்து மட்டும். மாருதி வந்தபின் சித்தியின் குண்டு எழுத்தும் கலக்கிறது: ‘திருச்செந்தூர், காற்று அடித்தாச்சு.’ வண்டியை விற்கும்போது ஆர்சி புத்தகத்தைக் கொடுங்கள். இப்படி ஒரு நோட்டு இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்யாண ஆல்பமும் இவ்வளவு சொல்லாது.

இப்போது மூன்றாவது வண்டி. கண் ஆபரேஷனுக்குப் பிறகு சித்தப்பா ஓட்டுவதில்லை. சித்தி ஓட்டுகிறார், கணக்கு எழுதுவது சித்தப்பா.