தேவி என்னும் சொல்லும் எண்பது என்னும் எழுத்தும்

மனிதப் பிறவி ஒருவரைத் தெய்வமாகக் காட்டும் காசு வழிபாட்டைச் சேர்ந்ததா, ஆட்சியைச் சேர்ந்ததா என்னும் வினாவுக்கு, கி.மு. 51 முதல் 30 வரை எகிப்தை ஆண்ட ஏழாம் கிளியோபாட்ராவின் காசுகள் இடத்துக்கு இடம் வேறு விடை தருகின்றன.

அலெக்சாந்திரியாவின் வெண்கலக் காசில் அவர் வளைந்த மூக்கோடும், பின்னே முடிந்த கொண்டையோடும், கிரேக்க அரசுரிமையின் அடையாளமாகிய துணிப்பட்டையைத் தலையில் கட்டியவராய்க் காணப்படுகிறார். பேரழகி என்னும் பிற்காலக் கதைக்கு இந்த முகம் துணை நிற்பதாயில்லை. மறுபுறம் வச்சிரத்தின்மேல் நிற்கும் கழுகைச் சுற்றி ‘அரசி கிளியோபாட்ராவினுடையது’ என்று மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கிறது. அரசியரைத் தெய்வங்களோடு வைத்து வழிபடும் மரபு அங்கே அரசி இரண்டாம் அர்சினோயின் காலத்திலேயே, அதாவது கிளியோபாட்ராவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, வேரூன்றிவிட்டதால், கோயில் சொல்லிவந்ததைக் காசு திரும்பச் சொல்லத் தேவையிருக்கவில்லை எனலாம். கழுகின் அருகிலுள்ள ‘பை’ என்னும் கிரேக்க எழுத்தோ எண்பதைக் குறிக்கும் எண்ணுரு. சிறிய காசில் நாற்பதைக் குறிக்கும் ‘மியூ’ நிற்கிறது. காசை நிறுத்துப் பார்க்காமல் எழுத்தை நம்பி எண்பது திராக்மாவாக ஏற்றுக்கொள்பவர், அரசியின் வாக்கையே ஏற்றுக்கொள்கிறார். அவ்வகையில் காசின் செலாவணியும் ஒருவகை நம்பிக்கையே.

காதல் தெய்வமாகிய ஆப்ரோதித்தே கரையேறியதாகப் புராணம் கூறும் சைப்ரசில், கிளியோபாட்ரா கைக்குழந்தையோடு தோன்றுகிறார். அக்குழந்தையை அவர் மகன் சிசேரியன் என ஆய்வாளர் கொள்வதால், தாயும் சேயும் ஆப்ரோதித்தேயும் ஈரோசுமாக அங்கே காட்சி தருகின்றனர். மறுபக்கத்தில் உரோமத் தளபதி மார்க் அந்தோனியின் தலையைத் தாங்கிய சிரியப் பகுதி வெள்ளிக் காசுகளிலோ உருவக மறைப்பு எதுவுமின்றி, ‘அரசி கிளியோபாட்ரா, தேயா நியோதெரா’ என்றே வருகிறது. இத்தொடரைப் ‘புதிய தேவி’ என்றும் ‘இளைய தேவி’ என்றும் கொள்ளலாம். இரண்டாவது பொருளில், ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் அதே சிரியாவில் தன் பெயரில் காசு அடித்த, இவரது தாலமி குலத்து இளவரசி கிளியோபாட்ரா தேயாவின் நினைவு எழுகிறது. இலக்கணமும் கவனிக்கத்தக்கது: அலெக்சாந்திரியாவில் ஆறாம் வேற்றுமையில் காசுக்கு உடையவராக நின்ற பெயர், சிரியாவில் எழுவாயாக நிமிர்கிறது. கி.மு. 32ஐ ஒட்டி அந்தோனி வெளியிட்ட இலத்தீன் தெனாரியசில் தேவி என்னும் சொல்லே இல்லை. அங்கே கிளியோபாட்ரா மன்னர்களுக்கும், மன்னர்களாகிய தம் மைந்தர்களுக்கும் அரசி. அயலரசியைத் தேவியென ஏற்க உரோமர் ஆயத்தமாயிருக்கவில்லை போலும்.

கி.மு. 30இல் எகிப்தைக் கைப்பற்றிய உரோமர் தலைவர் ஒக்டேவியன், அலெக்சாந்திரிய வெண்கலக் காசில் கழுகையும் எண்பதுக்குரிய எழுத்தையும் அப்படியே விட்டுவைத்து, அரசியின் தலையிருந்த இடத்தில் தம் தலையையும், அதனருகே ‘தெய்வ மைந்தனுடையது’ என்னும் தொடரையும் பொறிப்பித்தார்.