நடைபாதையில் மூன்றில் ஒரு பங்கு

ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் சந்திக்கும் முனையிலிருந்து கோல்பார்க் பக்கமாக நீளும் நடைபாதைக் கடைவரிசையைத் தென்கொல்கத்தாவில் வாழ்ந்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. லேக் மார்க்கெட்டை ஒட்டிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் அது பழகிய தெருதான். சாந்திபூர்த் தறிப்புடவை, மெட்டியாப்ரூஸில் தைத்த குழந்தைச் சட்டை, வளையல், பாத்திரம் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் அந்த வரிசையை நாம் பெரும்பாலும் அதன் மலிவுக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். வணிகம் எதன் மேல் நிற்கிறது என்ற கேள்வியோடு அங்கே போனவர்கள் குறைவு.

தொழிலில் வெற்றி பெறுவது எப்படி என்று கேட்பவருக்கு இன்று விடைகளுக்குப் பஞ்சமில்லை. விடியலுக்கு முன் எழு, இலக்கை எழுதி வை, நேரத்தைப் பங்கிடு, துணிந்து முடிவெடு என்று அவை சொல்லும். அவற்றில் பிழையும் இல்லை. ஆனால் அவை எல்லாம் கேட்பவருக்கு ஏற்கெனவே ஒரு கூரையும் பூட்டக்கூடிய கதவும் இருப்பதாக எடுத்துக்கொண்டே பேசுகின்றன. கூரையும் கதவும் இல்லாதவர் ஒரே இடத்தில் கால் நூற்றாண்டு வியாபாரம் செய்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கடனையும் அடைக்கிறார் என்றால், அவரைத் தாங்கி நின்ற பழக்கம் எது? அவரிடம் கற்பதற்கு நமக்கு ஏதேனும் உண்டா?

அவர் நிற்கும் தரை அவருடையது அன்று. 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெருவோர வியாபாரத்தை அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமைக்குள் சேர்த்தது; அதே தீர்ப்பு, குறிப்பிட்ட ஓர் இடத்தை எவரும் தமக்கென்று நிரந்தரமாக உரிமை கோர முடியாது என்றும் கூறியது. சரக்கின் பெரும்பகுதியும் படாபஜார் மொத்த வியாபாரியிடம் கடனாக வாங்கியது. எனவே இடமும் பிறருடையது, பொருளும் பெரும்பாலும் பிறருடையது. எஞ்சுவது அவருடைய வருகை ஒன்றே. நேற்று நின்ற அதே நான்கடி இடத்துக்கு இன்றும் வந்து, அதே நேரத்தில் பலகையை விரித்து, அன்றைய போணிக்குக் காத்திருக்கும் அந்த வருகைதான் அவருடைய முழு முதல்.

ஒழுங்கு என்பதை நாம் நம்முடைய சொந்த மேன்மைக்கான பயிற்சியாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். கரியாஹாட்டில் அது அப்படி இருக்க முடியாது. அளவு சேராத சட்டையை மாற்றிக்கொள்ள நாளை வரலாம் என்று ஒரு தாய் நம்புகிறாள். ஆள் எங்கும் போய்விட மாட்டார் என்பதால்தான் மொத்த வியாபாரி சரக்கை முன்கூட்டித் தருகிறார். தான் சாப்பிடப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்ள அவர் இருப்பார் என்று பக்கத்துக் கடைக்காரர் எதிர்பார்க்கிறார். ஒருவருடைய தினசரி ஒழுங்கின் மேல் இத்தனை பேருடைய நாள் கட்டப்பட்டிருக்கிறது. பழக்கம் நீண்ட காலம் தொடரும்போது, வாய்விட்டுச் சொல்லப்படாத ஒரு வாக்குறுதியாக அது மாறிவிடுகிறது. அந்த வாக்குறுதியை நாள்தோறும் காப்பாற்றுகிறவரைத்தான் உலகம் பின்னர் வியாபாரி என்று அழைக்கிறது.

அந்த வாக்குறுதியின் வலிமை சோதிக்கப்பட்ட காலமும் உண்டு. 1996 நவம்பர் 24 இரவு, இடதுசாரி அரசும் மாநகராட்சியும் சேர்ந்து நடத்திய ‘ஆபரேஷன் சன்ஷைன்’ நடவடிக்கையில் கரியாஹாட் உள்ளிட்ட பல தெருக்களின் நடைபாதைக் கடைகள் இடித்து அகற்றப்பட்டன. அவ்வாறு அகற்றப்பட்டவர்களில் பலர் 1947-க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்து தென்கொல்கத்தாவில் தங்கிய அகதிக் குடும்பங்களின் வழிவந்தவர்கள். டாக்காவின் தெய்வமான டாக்கேஸ்வரியின் பெயர் தாங்கிய துணிக்கடை கரியாஹாட்டின் அடையாளங்களுள் ஒன்று என்பதை நினைத்தால், அந்தத் தெருவில் எத்தனை பேர் விட்டுவந்த ஊரை மனத்தில் சுமந்திருப்பார்கள் என்பது விளங்கும். ஒரு முறை மண்ணை இழந்தவர்கள், மறுமுறை நடைபாதையை இழந்தார்கள்.

நடக்க இடமில்லாமல் தவித்த மக்களின் குறையும் பொய்யான குறையன்று. அதை நாம் மறுக்கக் கூடாது. ஆனாலும் சில ஆண்டுகளில் அந்தக் கடைகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. பல சங்கங்கள் ஒன்றுகூடி அமைத்த ஹாக்கர் சங்கிராம் கமிட்டியின் போராட்டம் அதற்கு ஒரு காரணம்; அரசியல் கணக்குகள் இன்னொரு காரணம். இவ்விரண்டோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் கருத்து. மரச்சட்டமும் பலகையும் போன பிறகும் வாடிக்கையாளரின் பழக்கமும், மொத்த வியாபாரியின் நம்பிக்கையும், பக்கத்துக் கடைக்காரரோடு இருந்த உறவும் இடிபடாமல் எஞ்சியிருந்தன. கையில் இருந்தவை அனைத்தும் பறிபோன பின்பு, பிறர் மனத்தில் சேர்த்துவைத்தது மட்டுமே மிஞ்சியது. அதை முதலாகக் கொண்டுதான் அவர்கள் மீண்டும் தொடங்கினார்கள்.

வங்காளப் புத்தாண்டான பொய்லா பொய்ஷாக் நாளில் வணிகர்கள் ‘ஹால்காதா’ என்று புதுக்கணக்குத் தொடங்குவதை இந்த ஒளியில் பார்க்கலாம். சிவப்பு அட்டை போட்ட பேரேட்டைக் காலையில் கோயிலில் வைத்துப் பூசை செய்கிறார்கள். வாடிக்கையாளரை அழைத்து இனிப்பும் நாள்காட்டியும் தருகிறார்கள். வருபவர் பழைய பாக்கியைத் தீர்க்கிறார். நம் சித்திரை முதல் நாளை ஒட்டி வரும் நாள் அது. அதற்கு முந்தைய மாதம் முழுவதும் கரியாஹாட்டில் சைத்ர விற்பனையின் நெரிசல்; தேங்கிய சரக்கையெல்லாம் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். தேங்கியதைக் கழிப்பது, கடனை நினைவில் வைப்பது, கடன்பட்டவரை விருந்தினராக அழைப்பது என்ற மூன்றும் ஒரே பருவத்தில் அடுத்தடுத்து நிகழ்கின்றன. பாக்கியை வசூலிக்கும் நாளையே விருந்து நாளாகவும் அமைத்த முன்னோர், கொடுத்தவரும் வாங்கியவரும் அடுத்த ஆண்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள். கணக்கைத் துல்லியமாக எழுதுவதும் மனிதரை இழக்காமல் இருப்பதும் முரண்பட்ட இரு வேலைகள் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் அப்படி நினைக்கவில்லை.

தலைமை என்பதை எங்கே தேடுவது? நடைபாதையில் முதலாளி இல்லை. அடுத்தடுத்து நிற்கும் இருவர் ஒரே பொருளை விற்கிறார்கள். ஒருவருக்கு வரும் வாடிக்கை மற்றவருக்குப் போன வாடிக்கை. ஆணையிடும் அதிகாரம் எவருக்கும் இல்லாத இத்தகைய இடத்தில் ஒருவரின் சொல்லுக்கு மற்றவர் செவிசாய்க்கிறார் என்றால், அவர் தன்னுடைய ஆதாயத்துக்கு எங்கே கோடு போட்டிருக்கிறார் என்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். பக்கத்துக் கடையின் முன் நிற்பவரைக் கூவி இழுக்காதவர், வெளியூர்க்காரரிடம் இரட்டை விலை சொல்லாதவர், பண்டிகை நெரிசலிலும் தன் பலகையை அரையடி முன்னே தள்ளாதவர் பேசும்போதுதான் வரிசை அடங்குகிறது. பெரிய நிறுவனங்களில் பதவி இந்த உண்மையைச் சிறிது காலம் மறைத்து வைக்கலாம். பதவியின் கனம் நீங்கியதும் அங்கேயும் இதே அளவுகோல்தான்.

அந்த அரையடியில் இன்னும் சற்று நேரம் நிற்க வேண்டும். நடைபாதையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் கடை அடங்க வேண்டும், மீதி நடப்பவருக்கு என்பது கொல்கத்தாவில் வகுக்கப்பட்டிருக்கும் விதி. அது எவ்வளவு மீறப்படுகிறது என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு மீறலும் சிறியது: ஒரு பலகை, ஒரு தொங்கும் கம்பி, வெயிலுக்கும் மழைக்கும் கட்டிய ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. 2019 ஜனவரி 20 அதிகாலையில் கரியாஹாட் முனையிலுள்ள குருதாஸ் மேன்ஷன் கட்டடத்தில் தீப்பிடித்துப் புகழ்பெற்ற துணிக்கடைகள் எரிந்தபோது, நடைபாதைக் கடைகளின் மேல் கட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்புகள் தீ பரவ வழிசெய்தன என்ற பேச்சு எழுந்தது. அவற்றை அகற்றும்படி மாநகராட்சி உத்தரவிட்டது. எவரும் தீமை எண்ணி அந்த விரிப்பைக் கட்டியிருக்க மாட்டார். பக்கத்தில் இருப்பவரும் கட்டியிருக்கிறார் என்பதாலேயே கட்டியிருப்பார். வாக்குறுதியாக வளரக்கூடிய அதே பழக்கம், தன்னைத்தான் கேள்வி கேட்காதபோது பொதுவான ஓர் ஆபத்தாகவும் வளர்ந்துவிடுகிறது. வணிகத்தில் நம்மை உயர்த்திய பழக்கங்களையே நாம் அவ்வப்போது விசாரணைக்கு உட்படுத்த வேண்டியிருப்பது இதனால்தான்.

திருவள்ளுவர் வணிகரைப் பற்றிச் சொன்ன குறளைப் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார். பொருள் ஈட்டும் திறனைப் பற்றிப் பேச அவருக்கு ‘பொருள் செயல்வகை’ என்றே தனி அதிகாரம் இருந்தது. இருந்தும், பிறர் பொருளைத் தன் பொருளாக எண்ணிக் காப்பதே வணிகம் என்ற கருத்தை அவர் ஈட்டும் திறனோடு சேர்க்காமல், எந்தப் பக்கமும் சாயாத மனத்தோடு சேர்த்தார். இந்த வைப்புமுறை தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை.

இதே நகரத்தில் அந்த மனத்துக்கு ஒரு பெரிய சான்றும் உண்டு. பிரபுல்ல சந்திர ராய் வேதியியல் பேராசிரியர். 1892-இல் சிறிய முதலீட்டில் அவர் தொடங்கிய முயற்சி 1901-இல் பெங்கால் கெமிக்கல்ஸ் என்ற நிறுவனமாக உருப்பெற்றது. வேலையில்லாமல் நின்ற வங்க இளைஞர்களை வியாபாரத்துக்கு வரும்படி அவர் வாழ்நாள் முழுவதும் அழைத்தார். தாம் வளர்த்த தொழிலின் செல்வத்தில் அவர் தமக்கென்று எடுத்துக்கொண்டது மிகக் குறைவு. பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியிலேயே ஓர் அறையில் தங்கி, எளிய உடையோடு, அறுபது வயதுக்குப் பின் தம் சம்பளத்தையும் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டு வாழ்ந்தார். அவர் 1944-இல் மறைந்தார். நிறுவனம் பல இடர்களைக் கடந்து, அரசுடைமையாகி, இன்றும் இருக்கிறது.

அவருடைய அறையும் நடைபாதைக் கடைக்காரரின் நான்கடியும் ஒன்றுக்கொன்று வெகு தூரம். ஆயினும் இரண்டிலும் ஒரே நியதி இயங்குவதை நாம் உணர முடிகிறது. ஒருவரால் எடுத்துக்கொள்ள முடிந்தும், எடுப்பதைத் தடுக்க எவரும் இல்லாதபோதும், அவர் எடுக்காமல் விட்டுவைத்தது எதுவோ, அது வாடிக்கையாளரிடம் நம்பிக்கையாகவும், கடன் கொடுத்தவரிடம் பொறுமையாகவும், போட்டியாளரிடம் மரியாதையாகவும், வழிப்போக்கரிடம் சகிப்பாகவும் சேர்ந்து, அவர் பெயரிலேயே காத்திருக்கிறது. அவர் கையிலிருந்த மற்ற எல்லாவற்றையும் ஓர் இரவின் ஆணையோ ஓர் அதிகாலையின் நெருப்போ கொண்டுபோன பின்னும், வணிகம் என்று அவர் உரிமையோடு சொல்லிக்கொள்ளக்கூடியது அந்த விட்டுவைத்த பகுதியாகவே இருக்கிறது. தலைமை எனப்படுவதும் இந்த விட்டுவைத்தலை முதலில் தொடங்கும் துணிவுதான். பக்கத்தில் இருப்பவர் விட்டுவைப்பாரா என்று பார்த்துக் காத்திருப்பவர் எவ்வளவு ஈட்டினாலும், அவர் பின்னால் வரிசை வருவதில்லை.

2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர வியாபாரக் குழுக்களில் குறைந்தது 40 சதவீத இடங்களை வியாபாரிகள் தாமே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2024 ஜூனில் மேற்கு வங்க அரசு மீண்டும் நடைபாதைகளை ஒழுங்குபடுத்த முனைந்து, பின் ஒரு மாத அவகாசம் தந்து கணக்கெடுப்பைத் தொடங்கியபோது, 1996-இன் நினைவு பலருக்குத் திரும்பியிருக்கும். அச்சத்தோடு அந்தக் கணக்கெடுப்பில் பெயர் கொடுத்தவர்களின் உரிமை காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் குழுவில் அமரும் வியாபாரப் பிரதிநிதி தம் மக்களின் ஒரு பங்கைக் கேட்கும் அதே குரலில், நடப்பவரின் இரு பங்குக்காகவும் பேசுவாரா என்பதையே நான் கவனிக்க விரும்புகிறேன். பலகையை முதலில் உள்ளே இழுத்துக்கொள்ளும்படி தம் வரிசையிடம் அவர் சொல்ல நேரும். அன்று அவருக்கு வாக்குகள் குறையவும் கூடும்.