சுழியும் ஸிஃப்ரும்

"அவன் வெறும் சைபர்" என்று ஒரு மனிதரைப் பற்றி நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். கணக்கிலிருந்து எடுத்த சொல்லால் மனிதனை அளப்பது முறையா என்பதை ஆராய, முதலில் அச்சொல்லின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

அரபியில் ஸிஃப்ர் என்றால் வெறுமை. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் சுழியைக் கூட்டவும் கழிக்கவும் விதி வகுத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி இந்தியரின் கணக்கு முறையை அரபியில் விளக்கி நூல் இயற்றினார். சூன்யம் என்னும் வடசொல் அரபியரிடம் ஸிஃப்ர் ஆயிற்று. 1202இல் பீசா நகரத்து லியனார்டோ அதனை இலத்தீன் நூலொன்றில் 'செஃபிரும்' என எழுதினார். பிரெஞ்சு மொழியின் 'ஸெரோ'வும், எண்ணையும் மறைகுறி எழுத்தையும் ஒருங்கே குறிக்கும் 'ஷிஃப்ர்' என்னும் சொல்லும் இவ்வழி வந்தவையே. ஓதற்பள்ளியில் ஸிஃப்ர் என்றும், பிரெஞ்சு வகுப்பில் ஸெரோ என்றும், வீட்டில் சைபர் என்றும் சொல்லும் நம் புதுச்சேரிப் பிள்ளை, ஒரு தாய் மக்களையே மூன்று இடங்களில் சந்திக்கிறது. தமிழோ அதே வெறுமைக்குப் பூஜ்யம் என்றும் பெயரிட்டது. வணங்கத்தக்கது என்பதும் அச்சொல்லின் பொருளாம்!

குறியீடும் இடத்திற்கேற்ப மாறும். குர்ஆன் வசன எண்களில் வட்டத்தைக் கண்டு சுழி என்று மயங்கும் பிள்ளைகள் உண்டு. அவ்வட்டம் ஐந்து, அங்கே சுழி ஒரு சிறு புள்ளியே.

பழந்தமிழ் எண்முறையில் இருநூற்றைந்தை ௨௱௫ என்று எழுதினர். நூறுக்கெனத் தனிக்குறி இருந்தமையால் சுழி வேண்டப்படவில்லை. இன்றைய முறையில் அதையே 205 என்கிறோம். நடுவிலுள்ள சுழியை நீக்கினால் எஞ்சுவது 25, நூற்றெண்பது மறைந்துபோகும். ஒன்றுமில்லாத ஒன்றை நீக்கியதாலா இத்துணை இழப்பு? "இவ்விடத்தில் ஏதுமில்லை" என்று உண்மை கூறி, மற்ற எண்களை அவற்றின் இடத்தில் நிறுத்துவதே சுழியின் பணி.

மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள். தேர்வு எழுதிச் சுழி பெற்றவனும் தேர்வுக்கே வராதவனும் ஒருவரல்லர். முன்னவன் வந்தான், முயன்றான், தன் நிலையை அறிந்தான். ஒரு நாளில், ஒரு பாடத்தில் அவன் பெற்ற அளவையே அச்சுழி காட்டுகிறது. அவனையே சுழி என்பது கணக்கிலும் பிழை, அறத்திலும் பிழை.

ஒன்றை முதலில் இட்டால்தான் பின்வரும் சுழிகளுக்கு மதிப்பு என்று சொற்பொழிவுகளில் உவமை கூறுவர். ஈமானை ஒன்றாகவும் அமல்களைச் சுழிகளாகவும் கொள்ளுமிடத்து அவ்வுவமை பொருந்தும். செல்வரை ஒன்றாக்கி, அவர் பின் நிற்கும் ஏழைகளைச் சுழிகளாக்கினால் பொருந்தாது. படைத்தவனிடம் தனக்கென ஓர் ஏடு உடையவன் எவனும் பிறனுக்குப் பின்னிடும் சுழியல்லன்.

ஸல்மான் ஃபாரிஸி (ரலி) அறிவிக்க, அபூதாவூத், திர்மிதீ நூல்களில் பதிவாகியுள்ள ஒரு நபிமொழியின் கருத்து இங்கே நினைக்கத் தக்கது. தன்னை நோக்கி உயர்த்தப்பட்ட அடியானின் கைகளை வெறுமையாகத் திருப்புவதற்கு இறைவன் வெட்கப்படுகிறான் என்பதே அது. வெறுமை என்பதற்கு அங்கே வரும் சொல்லும் இந்த ஸிஃப்ரின் வடிவமே. வெறுங்கையோடு வருவது அவ்வாசலில் இழிவன்று. வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவதே அவனது கண்ணியத்திற்கு ஏலாதது.

ஆதலின் வெறுமை மனிதனின் மதிப்பன்று. அது நிரப்பப்படக் காத்திருக்கும் இடம். அண்டை வீட்டு அடுப்பில் அது பசியாக இருக்கலாம். மாணவனின் ஏட்டில் அறியாமையாக இருக்கலாம். அங்கே சுழியைக் காண்போர் அதைச் சுட்டிச் சிரிப்பதை விடுத்து, இல்லாததைக் கொண்டு சேர்ப்பாராக. கணக்கறிந்தோர் செய்யத்தக்கது அதுவே.