பயனர் பிழை

சோழிங்கநல்லூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். மதியம் ஒன்றரைக்கு ஆரம்பித்து ராத்திரி பதினொன்றரை வரை ஷிஃப்ட். ஐரோப்பிய நாடு ஒன்றின் ஓய்வூதியத் துறைக்கு ஒரு நிறுவனம் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தது. அதைப் பராமரிக்கும் வேலை மட்டும் கை மாறி எங்களிடம் வந்திருந்தது. அந்த நாட்டுக்கு நான் போனதில்லை. அங்கே காலை எத்தனை மணிக்கு அலுவலகம் திறப்பார்கள் என்பது மட்டும் மனப்பாடம்.

ஒருநாள் ஒரு டிக்கெட் வந்தது. சின்ன ஊர் ஒன்றின் அலுவலக எழுத்தர், பெண்மணி. மூன்று நாளாக மாலைக் கணக்கில் ஒரே மாதிரித் தொகை குறைகிறது, என்னவென்று பாருங்கள் என்று எழுதியிருந்தார். எங்கள் சோதனைக் கணினியில் அதே படிகளைச் செய்து பார்த்தேன். கணக்குச் சரியாகவே வந்தது. எங்களுக்குக் கொடுத்த நேரம் முடிய நாற்பது நிமிடம் இருந்தது. "நமக்கு வரலைன்னா அவங்க தப்புதான், க்ளோஸ் பண்ணிடு" என்றார் டீம் லீட். காரணம் என்ற பெட்டியில் ‘பயனர் பிழை’ என்பதைத் தேர்ந்தெடுத்து மூடினேன். அன்றைக்கு பிரெட் ஆம்லெட் சாப்பிட்டேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் ஞாபகம் இல்லை.

2024 ஜனவரியில் பிரிட்டிஷ் அஞ்சலக விவகாரத்தைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் வந்து உலகமே பேசியபோதுதான் அந்த டிக்கெட் திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்துகொண்டது.

கதையின் மேலோட்டம் பலருக்குத் தெரியும். பிரிட்டனில் கிளை அஞ்சலகங்களைப் பெரும்பாலும் கடை வைத்திருக்கும் சாதாரண மனிதர்கள்தான் நடத்துகிறார்கள். 1999இல் தொடங்கி ஹொரைசன் என்ற கணினி அமைப்பை அந்தக் கிளைகளில் நிறுவினார்கள். அது காட்டிய பொய்யான பற்றாக்குறைகளை நம்பித் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று வழக்குகள் போட்டார்கள். 2015க்குள் 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். உதவி எண்ணுக்குக் கூப்பிட்டவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், உங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்பது.

எனக்கு இதைவிட அதிகமாக உறுத்துவது, இது தொடங்கிய விதம். ஹொரைசனைச் செய்தது ஐசிஎல் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். 1990இலேயே அதன் பெரும்பங்கை ஜப்பானின் ஃபுஜிட்சு வாங்கிவிட்டது. முதலில் அரசு உதவித்தொகைகளை அட்டை வழியாக வழங்குவதுதான் பெரிய திட்டம். அது தாமதமாகி இழுத்தது. 1998இல் அதைத் தொடர்வதா கைவிடுவதா என்று அரசு யோசித்தது. அந்த அமைப்பிலேயே குறை இருக்கிறது என்ற எச்சரிக்கை பிரதமர் டோனி பிளேருக்கே குறிப்பாகப் போனது. ஆனால் தராசின் இன்னொரு தட்டில் வேறு சங்கதிகள் இருந்தன. கைவிட்டால் ஐசிஎல் என்ன ஆகும், ஃபுஜிட்சுவின் முதலீடு என்ன ஆகும், ஜப்பானுடன் உறவு என்ன ஆகும்? அதே 1998இல்தான் ஃபுஜிட்சு, பிளேரின் சொந்தத் தொகுதியில் இருந்த தன் சில்லுத் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தது. கடைசியில், 1999 மே மாதம் உதவித்தொகை அட்டையைக் கைவிட்டு, அஞ்சலகப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இதில் யாரையும் வில்லனாக்க என்னால் முடியவில்லை. வேலைவாய்ப்பைக் காப்பாற்ற நினைப்பது தவறா? நட்பு நாட்டின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது தவறா? வீட்டுக் கல்யாணத்தில்கூட நாம் இதைத்தான் செய்கிறோம், சம்பந்தி முகம் வாடக்கூடாது என்று. ஆனால் அந்த அறையில் இரண்டு அரசுகளின் நலன்களும் ஒரு நிறுவனத்தின் நலனும் இருந்தன. அந்தப் பெட்டியின் முன்னால் தினமும் உட்காரப்போகிறவர் இல்லை. அவர் பெயரில் ஒரு நாற்காலிகூட இல்லை. இல்லாதவர் தலையில் விலையை எழுதுவது எல்லா ஒப்பந்தங்களிலும் சுலபம்.

‘கணினியில் பிழை இருந்தது’ என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வதை நான் ஏற்பதில்லை. பிழை இல்லாத மென்பொருளை நான் பார்த்ததே இல்லை. ஸ்காட்லாந்தின் டல்மெல்லிங்டனில் 2015இல் நடந்ததைப் பாருங்கள். 8,000 பவுண்டை வரவு வைக்கும்போது திரை உறைந்தது. என்டரை மறுபடி மறுபடி அழுத்தினார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் இன்னொரு 8,000 பதிவானது. இல்லாத 24,000 பவுண்டு கணக்கில் ஏறியது. எங்கள் தொழிலில் இது சர்வசாதாரணம், ஒரு மதியத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் ஒன்றைச் செய்ய வேண்டும். எதிரில் இருப்பவர் பொய் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

சட்டமே அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 1984இல் வந்த இங்கிலாந்துச் சட்டம் ஒன்று, கணினிப் பதிவைச் சாட்சியமாக வைப்பவர் அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்றது. 1999இல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். அதன்பின், மறுக்கப்படும் வரை கணினி சரியாகவே இயங்கியது என்பதுதான் அனுமானம். மறுப்பதற்கான ஆவணங்களோ ஃபுஜிட்சுவிடமும் அஞ்சல் துறையிடமும் இருந்தன. பெட்டிக்கடை நடத்துகிறவர் எதை வைத்து மறுப்பார்?

சிலப்பதிகாரத்தைப் பள்ளியில் படித்தபோது எனக்குக் கோபம் பொற்கொல்லன் மேல்தான். இப்போது கதையின் வேறோர் இடத்தில் மனம் நின்றுவிடுகிறது. சிலம்பை உடைத்தால் உள்ளே முத்தா மாணிக்கமா என்று தெரிந்துவிடும். உடைக்க ஒருத்தி அரசவைக்கு வர வேண்டியிருந்தது, அதுவும் கோவலன் செத்த பிறகு. பொற்கொல்லனாவது தெரிந்தே பொய் சொன்னான். ஹொரைசனில் தெரிந்தும் மறைத்தவர்கள் இருந்தார்கள், உண்மை. ஆனால் பெரும்பாலானவர்கள் என்னைப் போல ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இங்கே சிலம்பை உடைத்தது 2019 டிசம்பரில், நீதிபதி ஃப்ரேசரின் தீர்ப்பு. 2024இல் தனிச்சட்டம் போட்டுத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தார்கள். இழப்பீட்டில் பங்களிக்கத் தங்களுக்குத் தார்மீகக் கடமை உண்டு என்று ஃபுஜிட்சுவின் ஐரோப்பியத் தலைவர் நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டார். குறைந்தது 13 பேரின் தற்கொலைக்கு இது காரணமாக இருக்கலாம் என்கிறது 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை. அதே மாதம் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதில் அரசுக் கொள்முதலுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. நல்ல விஷயம்தான், எதிர்க்கவில்லை. என் நண்பர்கள் பலருக்கு அதில் வேலை கிடைக்கலாம். அதாவது இனி இன்னும் நிறைய ஊர்களின் மாலைக் கணக்கு ஓஎம்ஆர் சாலைக்கு வரும்.

"எல்லாத்தையும் மனசுல ஏத்திக்கிட்டா வேலை பார்க்க முடியுமா?" என்று நண்பன் கேட்டான். முடியாதுதான். ஒரு நாளைக்கு முப்பது டிக்கெட். முப்பது பேருக்காகவும் உருக முடியாது. வேலையைப் பிரித்துக்கொண்டால்தான் பெரிய காரியம் நடக்கும், அடுத்தவர் தன் பங்கைச் சரியாகச் செய்திருப்பார் என்று நம்பினால்தான் பிரித்துக்கொள்ள முடியும். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. உருக வேண்டாம், அந்தப் பெட்டியில் ‘எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று ஒரு தேர்வு இருந்திருந்தால் போதும் என்றேன். அது உண்மையாக இருந்திருக்கும். அப்படி ஒரு தேர்வை வைக்க எந்த ஒப்பந்தமும் விரும்பாது என்று அவன் சிரித்தான்.

நான் மூடிய டிக்கெட்டுக்கு மறுநாள் ஒரு பதில் வந்திருந்தது. நான்தான் தப்பாகக் கூட்டியிருப்பேன் போல, உங்கள் நேரத்தை வீணடித்ததற்கு மன்னியுங்கள் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து டிக்கெட் எதுவும் வரவில்லை.