சாயம் மாறினால் பொருள் மாறுமா?

காரின் தோல் சீட் வெளுத்து வெடித்துப்போனால் உடனே கழற்றிப் போட வேண்டியதில்லை. வீட்டிலேயே பழுது நீக்கி மறுபடி சாயம் ஏற்றலாம். அப்படிப் புதுப்பித்த சீட் பழையதுதானா, வேறொன்றா? விளையாட்டுக் கேள்விபோலத் தோன்றினாலும் இந்தியத் தத்துவ மரபு நெடுங்காலம் வாதிட்ட கேள்வி இது. கோயில் திருப்பணி மரபும் இதற்குத் தனக்கே உரிய விடை ஒன்றை வைத்திருக்கிறது.

வேலையில் எது மாறுகிறது என்பதை முதலில் காண வேண்டும். காரின் தோல் சீட்டுக்குப் பரவலாகக் குரோம் உப்பால் பதனிட்ட மாட்டுத்தோல் பயன்படுகிறது. தோலின்மேல் நிறமிப் பூச்சும், அதன்மேல் நிறமற்ற காப்புப் பூச்சும் இருக்கும். ஏறி இறங்கும்போது உரசும் ஓரத்தில் முதலில் தேய்பவை இந்தப் பூச்சுகளே. புதுப்பிக்கும்போது அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கி, நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வெடிப்புகளில் வளைந்துகொடுக்கும் பசையை நிரப்புவார்கள். பிறகு சாயத்தை மெல்லிய பூச்சுகளாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக ஏற்றி, மேலே காப்புப் பூச்சு இடுவார்கள். அடியில் இருக்கும் தோல் அப்படியே நிற்கிறது. தோலே கிழிந்துவிட்டால் சாயம் உதவாது. அந்தத் துண்டை எடுத்துவிட்டு வேறு தோல் வைத்துத் தைக்க வேண்டும்.

சூளையில் வேகும் பானையை வைத்து வைசேடிகர், நையாயிகர் என்ற இரு தத்துவ மரபினரும் இதே கேள்வியை எழுப்பினர். சுடாத பச்சைப் பானை வெந்து சிவக்கிறது. வெப்பத்தில் பானை அணுக்களாகச் சிதறி, அணுக்கள் நிறம் மாறி மறுபடி கூடுகின்றன. ஆகவே வெளிவருவது புதுப் பானை என்பது வைசேடிகர் கொள்கை. இதற்குப் பீலுபாகம் என்று பெயர். பானை சிதறாமலே நிறம் மாறுகிறது என்பது நையாயிகரின் பிடரபாகம். சூளையில் அதன்மேல் அடுக்கிய பானைகள் சரிந்து விழவில்லை. வெளியே எடுத்ததும் ‘அதே பானை’ என்று அடையாளமும் தெரிகிறது. இவை அவர்கள் காட்டும் சான்றுகள். சாயமேற்றிய சீட்டுக்கு நையாயிகர் விடையே பொருந்தும்: குணம் மாறியது, குணத்தைத் தாங்கும் பொருள் மாறவில்லை.

பௌத்தர் இன்னொரு கோணத்தில் பார்த்தனர். மிலிந்தபஞ்ஹா என்னும் நூலில் நாகசேனர் என்ற துறவி மன்னர் மிலிந்தனிடம் தேரைக் காட்டிக் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா? எதுவும் தனியே தேர் அன்று. எல்லாம் கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்பது முடிவு. இதன்படி சீட் என்பதும் ஒரு வழக்குப் பெயர்தான். ‘அதேதானா’ என்ற கேள்விக்கு ஆழமான விடை எதுவும் இல்லை.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ள தீர்த்தமலை, பகுதிகள் மாறினாலும் ஒன்றாகவே வழங்கும் பொருளுக்குக் கண்கூடான எடுத்துக்காட்டு. மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயிலில், இராமன் பூசைக்காக அம்பெய்து வருவித்ததாகத் தலபுராணம் சொல்லும் இராம தீர்த்தம் பாறையிலிருந்து விழுகிறது. விழும் நீர் நொடிக்கு நொடி வேறு; ஆனால் தலைமுறை தலைமுறையாக மக்கள் நீராடுவது ஒரே தீர்த்தத்தில்தான். அங்கே மாறாமல் இருப்பவை ஊற்றும் இடமும் வழிபாடும்.

கோயிலில் எவ்வளவு மாறுகிறது என்பதைக் கோயில் வழிபாட்டு நூலான ஆகமம் வகைபிரித்துச் சொல்கிறது. குடமுழுக்கு நான்கு வகை. புதிதாகக் கோயில் கட்டிச் செய்வது ஆவர்த்தம். பூசையின்றியோ வெள்ளம் முதலியவற்றாலோ சிதைந்த கோயிலை மீண்டும் எழுப்பிச் செய்வது அநாவர்த்தம். பழுதுபட்டதைச் செப்பனிட்டுச் செய்வது புனராவர்த்தம். தகாதன நேர்ந்தபோது தூய்மைக்காகச் செய்வது அந்தரிதம். செப்பனிடும்போது சாந்நித்தியம் எனப்படும் தெய்வ ஆற்றலைக் குடத்துக்கு மாற்றிப் பாலாலயம் என்னும் தற்காலிக இடத்தில் வைத்து வழிபடுவர். பணி முடிந்ததும் மூலமூர்த்தியைப் பீடத்தில் பதிக்கும் அஷ்டபந்தன மருந்து சாத்தி, அந்த ஆற்றலை மீண்டும் மூர்த்திக்கு ஏற்றுவர். கல்லும் சுதையும் மாறலாம். வழிபாடு அறுபடக்கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் கருத்து.

இந்த நான்கு வகைகளையும் ஒப்புமைக்காக மட்டும் சீட்டோடு வைத்துப் பார்க்கலாம். அழுக்கு நீக்குவது தூய்மை. சாயம் ஏற்றுவது செப்பனிடல். தோலையே மாற்றுவது மீண்டும் எழுப்பல். புது சீட் வாங்குவது புதுக் கட்டுமானம். முதல் இரண்டிலும் சீட் அதேதான். மூன்றாவதில் சட்டகமும் இடமும் தொடர்கின்றன, தோல் தொடர்வதில்லை. நான்காவதில் பெயர் மட்டுமே தொடர்கிறது. கோயிலில் தொடர்ச்சியைக் காப்பது சாந்நித்தியம். சீட்டுக்கு அப்படி இடம் மாற்றி வைக்க ஒன்றுமில்லை, அதன் தொடர்ச்சி தோலிலும் சட்டகத்திலுமே இருக்கிறது. எனவே ‘அதேதானா’ என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்வதற்கு முன், மாறியது எது, அதைத் தாங்கி நின்றது எது என்ற இரண்டையும் கேட்டாக வேண்டும்.