ஏவலுக்குப் பணியும் தசை

நம் உடலில் அல்லாஹ் மூவகைத் தசைகளை அமைத்துள்ளான். இதயத் தசை நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை சுருங்கி விரிகிறது, நம்மைக் கேட்பதில்லை. குடல், இரத்தக் குழாய்ச் சுவர்களிலுள்ள வரியற்ற தசையும் அவ்வாறே. எலும்போடு பிணைந்த 600க்கும் மேற்பட்ட தசைகள்தாம் நம் ஏவலுக்குப் பணிகின்றன. ஸுஜூதிலிருந்து நிலைக்கு எழும்போது, தொடையின் முன்புறத்தில் நான்கு பிரிவாயுள்ள தசை முழங்காலை நிமிர்த்துகிறது; உடலிலேயே பெரிதான பிட்டத் தசை இடுப்பை நிமிர்த்துகிறது.

சுப்ஹு பாங்கு கேட்டும் படுத்திருப்பவர், "கால் எழவில்லை" என்கிறார். அதே கால் கடைத்தெருவுக்கு எழுகிறதே! மெய்யாகவே அத்தசை தளர்ந்த முதியவர் நிலை வேறு. அவர் உட்கார்ந்து தொழலாம். அதுவும் இயலாதெனில் படுத்துத் தொழலாம். நிற்கச் சொல்லி அவரை வீட்டார் நெருக்க வேண்டாம்.