தலைமைக்குப் படிப்பு எதற்கு?

சட்டம் பயின்ற தி. சு. அவினாசிலிங்கம் 1930-இல் கோவையில் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைத் தொடங்கினார். பின்னர் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராகவும் விளங்கினார். பள்ளியை நடத்தப் பட்டம் எதற்கு என வாதிடுவோர் இவரையே சான்று காட்டலாம். ஆனால் அவர் வளர்த்த வித்யாலயத்திலேயே 1950-இல் ஆசிரியர்களுக்கெனத் தனிக் கல்லூரி எழுந்ததே! நிர்வாகம் பயிலாத தலைமையாசிரியர், பெரும்பாலும் பிள்ளைகளை வைத்தே பழகிக்கொள்கிறார்.

எனக்குள்ள ஐயம் வேறு. பணியிலிருந்தவாறே மேற்படிப்புப் பயிலும் ஆசிரியர், அதற்கான நேரத்தை எவரிடமிருந்து எடுக்கிறார்? தம் உறக்கத்திலிருந்தெனில் பாராட்டலாம். திருத்தப்படாமல் அடுக்கிக் கிடக்கும் ஏடுகளிலிருந்தெனில், அது மாணவரின் அமானிதம். பொள்ளாச்சியிலிருந்து வார இறுதியில் கோவைக்குப் பேருந்தேறுபவரை மட்டும் குறை கூறுதல் நீதியன்று. தேர்வு நாள்களில் அவருக்கு விடுப்பளித்து, வகுப்புக்கு மாற்று ஆசிரியரை அமர்த்துவது நிர்வாகத்தின் கடமையன்றோ?